பத்தாயிரம் கிலோமீட்டர் என்றால் எத்தனை மணி நேரம்?

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். பள்ளிக்கூடக் கணக்கு. விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும், இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே 9,000 கி.மீ. இருக்கிறது, ஆகவே பத்து மணி நேரம். இதை அப்படியே போட்டுக் காட்டும் இணையதளங்களும் நிறைய உண்டு. ஆனால் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தால் போவதற்குப் பன்னிரண்டு மணி நேரம், வருவதற்குப் பத்தரை என்று போட்டிருக்கும். அதே இரண்டு ஊர், அதே ரக விமானம். போதாக்குறைக்கு, கிளம்பும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால் முற்றிலும் வேறொரு எண் வந்து நிற்கும்.

உடனே விளக்கங்கள் கிளம்பிவிடும். "பூமி சுத்துறதால ஒரு பக்கம் சீக்கிரம் வந்துடும்" என்பார் ஒருவர். "எரிபொருளை மிச்சம் பிடிக்க மெதுவா ஓட்டுறாங்க" என்பார் இன்னொருவர். "மேப்பைப் பாரு, நேரா போகாம சுத்திப் போறான்" என்பார் மூன்றாமவர். மூன்றிலும் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் மூன்றுமே அதைத் தப்பான இடத்தில் ஒட்டவைத்திருக்கின்றன.

குழப்பத்துக்குக் காரணம், 'தூரம்', 'நேரம்' என்ற சொற்களை நாம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பொருளில் பேசுவதுதான். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

## பந்தும் நூலும்

கையில் ஒரு பந்தும் கொஞ்சம் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். பந்தின் மேல்பகுதியில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஒரே உயரத்தில் எதிரெதிர் பக்கமாக இரண்டு புள்ளி வையுங்கள். ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு, அதே உயரத்திலேயே பந்தைச் சுற்றி நூலை வையுங்கள். பார்க்க நேர்கோடு மாதிரிதான் இருக்கும். இப்போது நூலின் இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்து இறுக்குங்கள். நூல் அங்கே நிற்காது. வழுக்கிக்கொண்டு மேலே ஏறி, உச்சிக்குப் பக்கத்தில் போய்த்தான் விறைப்பாக நிற்கும். மிச்சமான நூல் கையில் தொங்கும். தொங்குகிற அந்தத் துண்டுதான் மிச்சமான தூரம்.

இறுக்கிய நூல் படுத்திருக்கும் பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பந்தைச் சரிபாதியாக வெட்டும் வட்டம் எதுவோ அது பெருவட்டம். உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே ஆகக் குறுகிய வழி எப்போதும் ஒரு பெருவட்டத்தின் துண்டாகவே இருக்கும். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். ஆனால் அதற்கு மேலும் கீழும் இருக்கும் அட்சரேகைகள் (கிழக்கு மேற்காக ஓடும் படுக்கைக் கோடுகள்) பெருவட்டம் ஆகாது. அவை பூமியைச் சரிபாதியாக வெட்டுவதில்லை.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 60 டிகிரி வடக்கு அட்சரேகையில், பூமியின் எதிரெதிர் பக்கங்களில் இரண்டு ஊர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அட்சரேகையை ஒட்டியே போனால் சுமார் 10,000 கி.மீ. வட துருவத்தின் வழியாகப் போனால் 30 டிகிரி ஏறி 30 டிகிரி இறங்க வேண்டும். ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. வீதம், சுமார் 6,660 கி.மீ.தான். மூன்றில் ஒரு பங்கு மிச்சம்!

கற்பனை வேண்டாம், நிஜ ஊர்களைச் சொல் என்றால் மாட்ரிட்டும் பெய்ஜிங்கும் இருக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய 40 டிகிரி வடக்கில். அட்சரேகையோடு போனால் கிட்டத்தட்ட 10,200 கி.மீ. பெருவட்டத்தில் 9,200 கி.மீ. ஆனால் அந்தக் குறுக்கு வழி, நடுவில் சுமார் 60 டிகிரி வடக்கு வரை ஏறிவிட்டுத்தான் இறங்கும். இரண்டு ஊருக்கும் வெகு வடக்கே, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இருக்கும் உயரத்துக்கு.

சிங்கப்பூர் – நியூயார்க் கணக்கு இன்னும் அழகு, மனதிலேயே போடலாம். இவை இரண்டும் கிட்டத்தட்ட பூமியின் நேரெதிர் தீர்க்கரேகைகளில் (வடக்கு தெற்காக ஓடும் கோடுகளில்) இருக்கின்றன. ஆகவே குறுகிய வழி வட துருவத்தை உரசிக்கொண்டு போகும். சிங்கப்பூர் 1 டிகிரி வடக்கு, அங்கிருந்து துருவத்துக்கு 89 டிகிரி. நியூயார்க் 41 டிகிரி வடக்கு, துருவத்திலிருந்து 49 டிகிரி. மொத்தம் 138. அதை 111-ஆல் பெருக்கினால் 15,318. உலகின் மிக நீண்ட தினசரி விமானச் சேவை என்று செய்திகளில் வருகிறதே, அதற்குச் சொல்லப்படும் தூரமும் சுமார் 15,300 கி.மீ.தான். கால்குலேட்டர் கூடத் தேவைப்படவில்லை.

## தட்டையான வரைபடம் செய்யும் வேலை

லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் லண்டனுக்கு நன்றாகவே தெற்கே இருக்கிறது. ஆனால் இருக்கைக்கு முன்னால் இருக்கும் திரையில் விமானப் படம் வடமேற்காகக் கிளம்பி, ஐஸ்லாந்துப் பக்கம் ஏறி, கிரீன்லாந்தின் தென்பகுதியைத் தொட்டு, கனடா மேல் இறங்கிக்கொண்டிருக்கும். இப்படி ஒரு நீண்ட பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரர் திரையைத் தட்டிக் காட்டி என்னிடம் கேட்டார்: "ஏன் சார் இவ்வளவு மேல போய்ச் சுத்துறான்? கடல்ல விழுந்தா காப்பாத்த முடியாதுன்னு நிலத்தை ஒட்டியே போறானோ?" சுற்றவில்லை, இதுதான் குறுக்கு வழி என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. நாம் எல்லோரும் சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

அந்த வரைபடங்களில் பெரும்பாலானவை 1569-இல் மெர்காட்டர் என்பவர் வரைந்த முறையின் வழிவந்தவை. மாலுமிகள் திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போனால், அந்தப் பாதை தாளில் நேர்கோடாக விழ வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். அதற்காகத் துருவங்களை நெருங்க நெருங்க எல்லாவற்றையும் இழுத்து விரித்துவிட்டார். அதனால்தான் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்காவுக்குள் பதினான்கு கிரீன்லாந்து போகும். வடக்கே போன விமானம் வரைபடத்தில் நீளமான வில் மாதிரி தெரிவதும் இதே காரணத்தால்தான். அங்கே தாளில் ஒரு விரற்கடை என்பது நிலநடுக்கோட்டில் இருப்பதைவிட வெகு குறைந்த தூரம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே 'தூரம்' என்று இணையதளங்கள் தரும் எண், பந்தின் மேல் இறுக்கிய நூலின் நீளம். தட்டையான படத்தில் அது வளைந்து தெரியும். படத்தில் நேராகத் தெரியும் வழிதான் பெரும்பாலும் சுற்று வழி.

## மைல் என்றால் எந்த மைல்?

சின்ன விஷயம்தான், ஆனால் பலர் தடுக்கி விழும் இடம். சாலை மைல் 1.609 கி.மீ. விமானிகளும் மாலுமிகளும் சொல்வது கடல் மைல், 1.852 கி.மீ. ஒரு டிகிரி அட்சத்தை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் கடல் மைல். அதாவது பூமியின் வளைவிலேயே அளந்த அலகு. மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் என்பது ஒரு நாட். ஒரு தளத்தில் 5,000 மைல், இன்னொன்றில் 4,345 என்று பார்த்துவிட்டு எது பொய் என்று தேட வேண்டாம். இரண்டும் ஒன்றேதான்.

ஒரே அலகில் கூட, இரண்டு தளங்கள் பத்து இருபது கி.மீ. வித்தியாசமாகச் சொல்லலாம். பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் லேசாக அமுங்கியிருக்கிறது. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. சில தளங்கள் இதைக் கணக்கில் சேர்க்கும், சில சேர்க்காது.

## நூல் போகும் வழியில் விமானம் போகுமா?

ஏறக்குறைய போகும். அப்படியே போகாது.

முதலில், விமானம் காற்றை எதிர்த்துத்தான் மேலெழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். போக வேண்டியது வடக்கே என்றாலும், அன்று காற்று தெற்கிலிருந்து வீசினால் தெற்கு நோக்கி ஏறி, பிறகு வளைந்து திரும்ப வேண்டியதுதான். இறங்கும்போதும் அப்படியே.

அடுத்தது பாதுகாப்பு விதி. என் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டதில் இருந்த துளி உண்மை இங்கேதான் இருக்கிறது. இரட்டை என்ஜின் விமானம் ஒரு என்ஜின் நின்றுபோனால் மிச்சமிருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டும்படிதான் அதன் பாதை இருக்க வேண்டும். இந்த விதியை ஈடாப்ஸ் என்பார்கள். ஒரு காலத்தில் அந்த வரம்பு வெறும் 60 நிமிடம். அதனால் பெருங்கடலைக் கடக்க மூன்று, நான்கு என்ஜின் விமானங்களே வேண்டியிருந்தன. 1985-இல் 120 நிமிட அனுமதி வந்தது. இன்று ஏர்பஸ் ஏ350-க்கு 370 நிமிடம் வரைகூட அனுமதி உண்டு. ஆக, இந்த விதி இன்று பாதையை வளைப்பது வெகு அபூர்வம்.

மூன்றாவது, அரசியல். இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வளைவைப் போடுகிறது. ஹெல்சின்கி – டோக்கியோ சுமார் 7,800 கி.மீ. நேர்வழி பெரும்பகுதி ரஷ்யாவின் மேலாகப் போகும். ஒன்பதரை மணி நேரப் பயணமாக இருந்தது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கி, ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதும் அதே பயணம் பதின்மூன்று மணி நேரம் ஆனது. ஃபின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனம் வட துருவத்தின் மேலாகப் பறந்து அலாஸ்கா பக்கம் இறங்கித் திரும்பும் வழியைப் பிடித்தது. துருவத்தைக் கடந்ததற்குப் பயணிகளுக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தது. பூமியில் இரண்டு ஊரும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நூலின் நீளம் அதேதான். விமானம் பறந்த நீளம் மட்டும் எங்கேயோ போய்விட்டது.

## ஓடும் நீரில் படகு

இனி நேரத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் உயிர்நாடி இந்தப் பகுதிதான், கொஞ்சம் பொறுமையாகப் போவோம்.

ஆற்றில் துடுப்புப் போடும் படகை நினைத்துக்கொள்ளுங்கள். துடுப்புப் போடுகிறவர் எப்போதும் ஒரே பலத்தோடுதான் போடுகிறார். நீரோட்டத்தோடு போனால் கரையில் இருக்கும் மரங்கள் விருட்டென்று பின்னால் ஓடும். எதிர்த்துப் போனால் ஒரு மரத்தைத் தாண்டவே படாதபாடு. படகுக்கு இரண்டு வேகம் இருக்கிறது: தண்ணீரைப் பொறுத்து ஒன்று, கரையைப் பொறுத்து ஒன்று.

விமானத்துக்கும் அதே கதை. தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து அது போகும் வேகம் காற்றுவேகம். கீழே இருக்கும் தரையைப் பொறுத்துப் போகும் வேகம் தரைவேகம். சிறகுகளுக்குத் தெரிவது முதலாவது மட்டும்தான். நாம் எப்போது போய்ச் சேர்வோம் என்பதைத் தீர்மானிப்பது இரண்டாவது.

பெரிய ஜெட் விமானங்களின் காற்றுவேகம் பெரும்பாலும் ஒலியின் வேகத்தில் 85 விழுக்காடு. பதினோரு கி.மீ. உயரத்துக் குளிரில் அது மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. விமானி நினைத்தாலும் இதைப் பெரிதாக மாற்ற முடியாது. கொஞ்சம் கூட்டினால் காற்றுத் தடை தாறுமாறாக ஏறும், எரிபொருள் கரையும். 85-ஐ 86 ஆக்கினால் பத்து மணி நேரப் பயணத்தில் மிச்சமாவது ஏழு நிமிடம். இவ்வளவுதான் 'மெதுவா ஓட்டுறாங்க' என்பதில் இருக்கும் உண்மை. 1960-களின் ஜெட் விமானங்களும் இதை ஒட்டிய வேகத்தில்தான் பறந்தன. நடுவில் கான்கார்டு மட்டும் ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் பறந்தது. 1996-இல் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவாக வந்து சேர்ந்தது. பிறகு 2003-இல் ஓய்வுபெற்றுவிட்டது.

ஆகவே துடுப்பின் பலம் மாறாது. மாறுவது ஆறு.

அந்த ஆற்றுக்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். ஏறக்குறைய ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, பூமியைச் சுற்றி வளைந்து நெளிந்து ஓடும் வேகமான காற்று. மணிக்கு 100, 200 கி.மீ. சாதாரணம். குளிர்காலத்தில் 300-ஐயும் தாண்டும். விமானங்கள் பறக்கும் உயரமும் அதுவே.

இதை முதலில் அளந்து எழுதிய கதை சுவாரசியமானது. 1920-களில் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஒய்ஷி, டோக்கியோவுக்கு வடகிழக்கே ஓர் ஆய்வு நிலையத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, உயரத்தில் காற்று பேய்வேகத்தில் கிழக்கே அடிப்பதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-இல் அறிக்கையை எஸ்பெரான்டோ மொழியில் வெளியிட்டார். பொதுமொழியாக உருவாக்கப்பட்ட மொழி அது. வெளியே யாரும் படிக்கவில்லை! இரண்டாம் உலகப் போரின் கடைசியில் ஜப்பான்மேல் உயரப் பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் திணறியபோதுதான் மற்றவர்களுக்கு உறைத்தது.

இப்போது ஒரு கணக்கு. தூரம் 6,000 கி.மீ. காற்றுவேகம் 900. காற்று கிழக்கே மணிக்கு 100 கி.மீ. கிழக்கே போகும்போது தரைவேகம் 1,000, ஆறு மணி நேரம். மேற்கே திரும்பும்போது 800, ஏழரை மணி நேரம். ஒரே பாதையில் ஒன்றரை மணி நேர வித்தியாசம். லண்டன் – நியூயார்க் போக எட்டு மணி நேரம், திரும்ப ஏழு என்று அட்டவணை சொல்வதன் ரகசியம் இதுதான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 'போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம்' என்று தோன்றும். பிடிக்க முடியாது. காற்றே இல்லாவிட்டால் போய்வர 13 மணி 20 நிமிடம் ஆகியிருக்கும். காற்று இருந்ததால் பதின்மூன்றரை. ஏனென்றால் எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், பின்காற்று உதவும் நேரம் குறைவு. போய்வரும் பயணத்தில் நிலையான காற்று எப்போதும் கொஞ்சம் நஷ்டம்தான்.

அதனால்தான் குறுகிய வழியைவிடச் சாதகமான வழி முக்கியமாகிவிடுகிறது. வட அட்லாண்டிக்கின் மேல் விமானங்களுக்கான பாதைகளை நாளுக்கு இரண்டு முறை, அன்றைய காற்றைப் பார்த்துப் புதிதாகப் போடுகிறார்கள். மேற்கே போகும் விமானங்களுக்கு ஷேன்விக் கட்டுப்பாட்டு மையம், கிழக்கே வருவனவற்றுக்குக் கனடாவின் கேண்டர். மேற்கே போகிறவை காற்றோட்டத்தை விட்டு விலகி, கிழக்கே வருகிறவை அதன்மேல் ஏறிக்கொண்டு. முன்பு சொன்ன சிங்கப்பூர் – நியூயார்க் விமானம்கூடப் பல நாட்களில் துருவத்தை விட்டுவிட்டு, பசிபிக் மேலாக நீண்ட வழியில் போகிறது. தூரம் அதிகம்தான், ஆனால் காற்று தள்ளிக்கொண்டே போகும்.

2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. தரைவேகம் 1,300 கி.மீ.-ஐத் தாண்டியிருந்தது. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதா என்று பலர் கேட்டார்கள். இல்லை. படகு வழக்கம்போலத்தான் துடுப்புப் போட்டது, ஆற்றில் வெள்ளம்.

## அப்படியானால் பூமி சுற்றுவது?

நிலநடுக்கோட்டில் பூமி மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. 'விமானம் மேலே நின்றால் போதும், ஊர் தானாகக் கீழே வந்துவிடும்' என்று நினைப்பவர்கள் உண்டு. ஓடும் ரயிலில் உட்கார்ந்து ஒரு பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் போடுங்கள். அது பின்னால் இருக்கிறவர் மடியில் விழுவதில்லை, உங்கள் கையிலேயே விழுகிறது. பந்தும் ரயிலின் வேகத்தோடு சேர்ந்தே போகிறது. காற்றும் அப்படியே பூமியோடு சேர்ந்து சுழல்கிறது; அந்தக் காற்றுக்குள் இருக்கும் விமானமும்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நினைப்பு சரியாக இருந்தால், மேற்கே போகும் விமானம்தான் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். கிழக்கே போகும் விமானம் 900 கி.மீ. வேகத்தை வைத்துக்கொண்டு 1,670-ஐத் துரத்தவே முடியாது. நடப்பது நேர் எதிர்.

ஆனால் சுழற்சிக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நிலநடுக்கோட்டுப் பக்கம் சூடான காற்று எழுந்து துருவங்களை நோக்கி நகர்கிறது. புறப்பட்ட இடத்தில் அது தரையோடு சேர்ந்து 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. 40 டிகிரிக்கு வரும்போது அங்கே தரையின் வேகம் 1,280தான். கூடவே கொண்டுவந்த வேகத்தால் காற்று தரையை முந்திக்கொண்டு கிழக்கே பாய்கிறது. வெப்பத்துக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசம் கூடும் குளிர்காலத்தில் அது இன்னும் வலுக்கிறது. பூமியின் சுழற்சி விமானத்தை நேராகத் தொடுவதில்லை. காற்றைத் திருப்பிவிடுகிறது, காற்று விமானத்தைத் தள்ளுகிறது.

சுருக்கமாக: விமானத்தின் காற்றுவேகம் ஏறக்குறைய மாறாதது. தரைவேகம் நாளுக்கு நாள், திசைக்குத் திசை மாறும். கிழக்கே சீக்கிரம், மேற்கே தாமதம் என்ற விதி ஜெட் காற்றோட்டம் ஓடும் பகுதிகளுக்குத்தான். நிலநடுக்கோட்டை ஒட்டியோ நேர் வடக்கு தெற்காகவோ போகும் பயணங்களில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

## கட்டை எடுத்ததிலிருந்து கட்டை வைக்கும் வரை

விமானம் நிற்கும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்து மறுபடி கட்டை வைக்கும் வரை ஆகும் நேரத்துக்குப் பிளாக் டைம் என்று பெயர். டிக்கெட்டில் பயண நேரம் என்று போட்டிருப்பது இதுதான். பறக்கும் நேரம் அதற்குள் ஒரு பகுதி மட்டுமே.

மிச்சம் எங்கே போகிறது? ஓடுபாதை வரை ஊர்ந்து போவதில், அங்கே வரிசையில் நிற்பதில். பிறகு மேலே ஏறுவதற்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். அப்போது முழு வேகம் கிடையாது. இறங்குவதற்கும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். 35,000 அடியில் பறக்கும் விமானம் சுமார் 200 கி.மீ. தொலைவிலேயே இறங்கத் தொடங்கிவிடும். நீண்ட பயணத்தில் இவை கரைந்துபோகும். ஆனால் 500 கி.மீ. பயணத்தில் இவைதான் பயணமே. 900-ஆல் வகுத்தால் 33 நிமிடம் வர வேண்டிய இடத்தில் அட்டவணை ஒன்றேகால் மணி நேரம் சொல்வது இதனால்தான்.

அட்டவணை நேரத்தில் கொஞ்சம் பஞ்சும் அடைத்திருக்கும். காற்று நாளுக்கு நாள் மாறும், ஆனால் அட்டவணை பருவத்துக்கு ஒன்றுதான். ஆகவே நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரத்தைப் போடுகின்றன. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில், அட்டவணை நேரத்துக்கு மேல் 15 நிமிடத்துக்குள் வந்தால் அது சரியான நேரம். பத்து நிமிடம் கூடுதலாகப் போட்டுவைத்தால் பெயர் கெடாது. எனக்கு இதில் புகார் இல்லை. சொன்ன நேரத்துக்கு முன்னால் வருவதை யாரும் திட்டுவதில்லை.

## சுவர்க் கடிகாரத்தை நம்பாதீர்கள்

டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். அவற்றை நேரடியாகக் கழிப்பது, ஒரு முனையை அடியிலும் மறுமுனையை மீட்டரிலும் அளந்துவிட்டுக் கழிப்பது போல. இரண்டையும் முதலில் பொதுவான கடிகாரத்துக்கு மாற்ற வேண்டும். அந்தப் பொதுக் கடிகாரம்தான் யுடிசி. உலகின் எல்லா உள்ளூர் நேரமும் இதிலிருந்து இத்தனை மணி கூட்டு, இத்தனை மணி கழி என்றே குறிக்கப்படுகிறது.

டோக்கியோ யுடிசி-யைவிட 9 மணி நேரம் முன்னால். லாஸ் ஏஞ்சல்ஸ் குளிர்காலத்தில் 8 மணி நேரம் பின்னால். டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பினால் யுடிசி-யில் காலை 8. பத்து மணி நேரம் பறந்தால் யுடிசி மாலை 6. லாஸ் ஏஞ்சல்ஸில் அப்போது காலை 10 மணி, அதே தேதி. கிளம்பியதற்கு ஏழு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்தாயிற்று!

திரும்பி வருவோம். லாஸ் ஏஞ்சல்ஸ் காலை 11 மணி, யுடிசி மாலை 7. எதிர்காற்று, பன்னிரண்டு மணி நேரம். யுடிசி மறுநாள் காலை 7. டோக்கியோவில் மாலை 4. டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். மறுநாள் என்று பொருள். கடிகாரத்தைக் கழித்தால் 29 மணி நேரம். உட்கார்ந்திருந்தது பன்னிரண்டுதான். பசிபிக் நடுவே இருக்கும் சர்வதேச தேதிக் கோட்டைத் தாண்டும்போது ஒரு தேதி கூடும் அல்லது குறையும், அவ்வளவே. யாரும் காலப்பயணம் போகவில்லை.

கோடைக்காலத்தில் சில நாடுகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும், சில தள்ளாது. அதனால் அதே விமானத்தின் டிக்கெட் நேரம் மார்ச்சில் ஒன்றும் ஜூலையில் ஒன்றுமாக இருக்கலாம். பயணம் நீளவில்லை, கடிகாரம்தான் நகர்ந்தது.

## கைக்கணக்கு ஒன்று

தூரம் காட்டும் தளங்கள் பல, நூலின் நீளத்தை ஒரே வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்து விடை தருகின்றன. காற்று தெரியாது, மூடிய வான்வெளி தெரியாது, ஓடுபாதை வரிசை தெரியாது. மோசமில்லை, ஆனால் அது மதிப்பீடுதான் என்று தெரிந்து படிக்க வேண்டும்.

நான் போடும் கணக்கு இது: பெருவட்டத் தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுவேன். கிடைப்பது போக, வர இரண்டின் சராசரி. டோக்கியோ – லாஸ் ஏஞ்சல்ஸ் சுமார் 8,800 கி.மீ.; 850-ஆல் வகுத்தால் பத்தே கால் சொச்சம், அரை சேர்த்தால் பதினொன்றுக்குப் பக்கம். மேலே பார்த்த பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நட்ட நடுவில். சிங்கப்பூர் – நியூயார்க் 15,300-ஐ 850-ஆல் வகுத்தால் பதினெட்டு, அரை சேர்த்துப் பதினெட்டரை. அட்டவணை நேரமும் ஏறக்குறைய அதுவே. பிறகு திசையைப் பார்ப்பேன். வடக்கு அட்லாண்டிக், வடக்கு பசிபிக் மாதிரி இடங்களில் மேற்கே என்றால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கூட்டு, கிழக்கே என்றால் அதே அளவு கழி. ஹெல்சின்கி – டோக்கியோவுக்கு இப்படிப் போட்டால் ஒன்பதே முக்கால் வரும். டிக்கெட்டில் பதின்மூன்று இருந்தால் கணக்கில் பிழை தேட வேண்டாம், செய்தித்தாளைப் பார்த்தால் போதும்.

இத்தனைக்கும் பிறகு, நல்ல பின்காற்று கிடைத்து அரை மணி நேரம் முன்னதாகவே தரையிறங்கி, விமானி பெருமையாக அறிவிப்பு செய்வார். அடுத்த நிமிடமே இன்னொரு அறிவிப்பு: நமக்கான கேட்டில் இன்னொரு விமானம் நிற்கிறது, அது கிளம்பும் வரை இங்கேயே காத்திருக்க வேண்டும். கட்டை இன்னும் வைக்கவில்லை. பிளாக் டைம் ஓடிக்கொண்டிருக்கிறது.